விரல் இல்லை

நாற்பத்து மூன்று பேரில்
பதினோரு பேருக்கு
விரல் இல்லை என்றது என் கருவி.

கோத்தகிரி, ஜனவரி, காலை ஏழரை.
இலை நிறுக்கும் கொட்டகையில் ஒரு மடக்கு மேசை,
பவர் பேங்க், லேப்டாப், டப்பா நிறையப் பஞ்சு,
முபீனாவின் ஒப்புதல் படிவங்கள்.
வெளியே புல்லுக்கு யாரோ
உப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

யோகேஸ்வரி வரிசையில் எட்டாவது.
இடுப்புப் படங்கைக் கழற்றாமலே உட்கார்ந்து
ஆள்காட்டி விரலை நுழைத்தார்.
சிவப்பு எரிந்தது.
அகச்சிவப்பும் எரிந்திருக்கும்,
அது நம் கண்ணுக்கில்லை.
மூன்று விநாடி.
திரையில் நான் எழுதிவைத்த இரண்டு சொல்.

அவருக்குப் படிக்கத் தெரியும்.
சத்தமாகவே படித்தார்.
வரிசை சிரித்தது.
"ரேஷன் கடை மிஷினும் இதத்தான் சொல்லுது.
நேத்து முப்பத்தாறு கிலோ,
அப்ப அத யாரு கிள்ளுனது?"
நானும் சிரித்தேன்.
பிறகு ஒயரைச் சரிபார்ப்பதுபோல்
மேசைக்கடியில் குனிந்துகொண்டேன்.

மூன்று வருடமாக இதைத்தான் படிக்கிறேன்.
திங்கள் காலை இதயம் ஒரு தசை.
செவ்வாய் மதியம் அது ஒரு பம்ப்.
வியாழன் வந்தால் வெறும் அலை,
இரைச்சலை வடிகட்டிக் கொடுத்தால் பத்து மதிப்பெண்.
அவிநாசியில் சித்தப்பா கேட்பார்,
டாக்டரா, இன்ஜினீயரா?
ரெண்டுக்கும் நடுவுல என்பேன்.
நடுவுல என்ன இருக்கு என்பார்.

இந்த விரல் இருக்கிறது.
கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த ரேகை,
நகத்தோரம் வெடிப்பு,
பனிக்குச் சுருங்கிக்கொண்ட தந்துகிகள்.
ரத்தம் உள்ளங்கையோடு திரும்பிவிடுகிறது.
என் ஒளி
போன இடத்தில் துடிப்பைக் காணாமல்
ஆளே இல்லை என்று எழுதிவிட்டது.

துடிப்பு என்றால் எது என்று
அதற்குக் காட்டிக்கொடுத்தவை இருபது விரல்கள்.
எல்லாம் எங்கள் வகுப்பு.
மெஸ்ஸில் சாப்பிட்ட கையோடு லேபுக்கு வந்தவை,
சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாதவை.
என்னுடையது ஆறாவது.

டீ வந்தது.
யோகேஸ்வரி டம்ளரை
இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்,
குடிக்கிற எண்ணமே இல்லாதவர்போல.
"இப்பப் பாரு."
அலை எழுந்தது.
சின்னதாக, கோணலாக,
ஆனாலும் அலை.
தொண்ணூற்றாறு.
அதற்குள் மேலே விசில்.
நேரமானால் அரைப்பேர்தான்.
டீயை அப்படியே வைத்துவிட்டு ஏறிப்போனார்.
முபீனா அதைப் பேசாமல் என் பக்கம் நகர்த்தினாள்.

இரவு, பேராசிரியரின் பதில்:
பதினொன்றும் விலகல்கள், நீக்கிவிடு,
துல்லியம் தொண்ணூற்றெட்டு வரும்.
நீக்கிப் பார்த்தேன்.
ஒரு பொத்தான், அவ்வளவுதான்.
வந்தது தொண்ணூற்றெட்டு,
அழகாக இருந்தது.
திரும்பச் சேர்த்தேன்.
எழுபத்து மூன்று.

லாட்ஜில் ஹீட்டர் கிடையாது.
முபீனா சாக்ஸைக் கையில் மாட்டித் தூங்கிவிட்டாள்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்குப் போனேன்.
ஒளியை எவ்வளவு கூட்டலாம், தெரியாது.
காதுமடலுக்கு ஒரு கவ்வி செய்யலாம்,
அதற்குக் கோயம்புத்தூர் போய் அச்செடுக்க வேண்டும்.
குளிருக்கான சமன்பாடு
நாளைக்கும் எனக்குப் பிடிபடாது.
சொல்லை மட்டும்தான் மாற்ற முடிந்தது.

விரல் இல்லை என்றிருந்ததை அழித்து
எனக்குத் தெரியவில்லை என்று அடித்தேன்.

ஒரு கருவி அப்படிச் சொல்லலாமா என்று
வைவாவில் கேட்பார்கள்.
கேட்கட்டும்.

சோதிக்க என் விரலை விட்டேன்,
நுனி நீலம் பாய்ந்திருந்தது.
மூன்று விநாடி.
எனக்குத் தெரியவில்லை, என்றது.

காலையில் முதல் வேலை,
நாற்பத்து மூன்று டீ சொல்ல வேண்டும்.
விசிலுக்கு முன்னால்.